ஆடா, பணமா, கொசுவலையா: டிசம்பரில் ஆப்பிரிக்காவுக்குக் கொடுப்பதென்றால் எதைக் கொடுப்பது?

நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும். இங்கிலாந்திலோ கனடாவிலோ இருந்தால் தபாலில், இல்லாவிட்டால் மின்னஞ்சலில், ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தின் கிறிஸ்துமஸ் பரிசுக் கேட்லாக் வந்து விழும். கோழிக்குஞ்சுகள் 20 டாலர், ஆடு 120 டாலர், கறவை மாடு 500 டாலர் என்று போட்டிருக்கும். நீங்கள் பணம் கட்டினால் உங்கள் மேலாளருக்கோ மாமியாருக்கோ 'உங்கள் பெயரில் ஆப்பிரிக்காவில் ஒரு குடும்பத்துக்கு ஆடு போகிறது' என்று அழகான அட்டை போகும். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே நாலு வாசனை மெழுகுவர்த்தியும் பிரிக்காத சாக்லேட் பெட்டியும் கிடக்கிறது, இன்னொன்றை வாங்கித் தருவதைவிட இது மேல் இல்லையா என்று தோன்றும். மேல்தான். ஆனால் ஆடு, மாடு, நேரடிப் பணம், கொசுவலை, அடிகுழாய், பொம்மைப் பெட்டி என்று கடைபரப்பியிருப்பதில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் எது என்பதைவிட, அது போய்ச் சேர்ந்த மறுமாதம் அந்தக் குடும்பத்தோடு யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. யாரும் நிற்கப்போவதில்லை என்றால் பணமாகவே கொடுத்துவிடுங்கள், என்ன வாங்குவதென்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் இன்னொன்று. கேட்லாக்கில் நீங்கள் வாங்கும் ஆடு பெரும்பாலும் 'உங்கள்' ஆடு அல்ல. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், இந்த விலை எங்கள் மொத்தப் பணிக்கான நன்கொடை, தேவை எங்கே அதிகமோ அங்கே செலவாகும் என்று எழுதியிருப்பார்கள். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கிராமத்துக்கு ஆட்டைவிட மாட்டுத் தீவனமும் மருந்தும் தேவையாக இருக்கலாம், லண்டனில் யாரோ ஆடு ஆர்டர் செய்துவிட்டார்கள் என்பதற்காக ஆட்டையே இறக்கினால்தான் அபத்தம். ஆனால் அட்டையில் இருக்கும் ஆடு வேறு, அங்கே நடக்கும் வேலை வேறு என்பதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

கால்நடைப் பரிசுக்கு ஒரு வரலாறே இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த டேன் வெஸ்ட் என்ற விவசாயி ஆரம்பித்த ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் 1944இல் முதல் தடவையாக 17 கிடேரிகளை புவேர்ட்டோ ரிக்கோவுக்குக் கப்பலேற்றியது. வாங்கிய குடும்பம் தன் மாடு ஈனும் முதல் பெண் கன்றை ஊரில் இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி, இன்றைக்கும் அது உண்டு. 1988இல் இங்கிலாந்தின் பால் பண்ணை விவசாயிகள் சிலர் சேர்ந்து, உள்நாட்டுப் போரில் நொந்துபோயிருந்த உகாண்டாவுக்கு விமானத்திலேயே மாடு அனுப்பினார்கள். 'செண்ட் அ கௌ' என்று பெயரே வைத்துக்கொண்டு ஆரம்பித்தவர்கள், பிறகு மாடு அனுப்புவதை நிறுத்தி அந்த ஊரிலேயே வாங்கிக் கொடுத்து, நிலத்தையும் உரத்தையும் பற்றிச் சொல்லிக்கொடுப்பதில் இறங்கி, 2022இல் பெயரை 'ரிப்பிள் எஃபெக்ட்' என்று மாற்றிக்கொண்டார்கள். மாடு அனுப்புவதற்கென்றே தொடங்கிய நிறுவனம் தன் பெயரிலிருந்தே மாட்டை எடுத்துவிட்டது என்பது எனக்கு எந்த ஆய்வறிக்கையையும்விட அதிகம் சொல்கிறது.

மாட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். பால் கறக்கும் கலப்பின மாடு நாளைக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும். கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமத்தில் தண்ணீர் வருவது 20 லிட்டர் மஞ்சள் கேனில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையிலோ சிறுமியின் முதுகிலோ. ஆக, மாடு வந்த அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரோ ஒருத்திக்கு மூன்று நடை கூடுதல். புல் வெட்ட வேண்டும், சினை ஊசிக்கு ஆள் வர வேண்டும், உண்ணி பார்க்க வேண்டும். உண்ணி மூலம் பரவும் 'ஈஸ்ட் கோஸ்ட்' காய்ச்சல் அந்தப் பக்கம் கலப்பின மாடுகளைச் சில வாரத்திலேயே சாய்த்துவிடக் கூடியது. ஆடு இவ்வளவு கேட்காது. அதிலும் கென்யாவின் மேரு பகுதியில் 1990களில் சுவிட்சர்லாந்து இனக் கிடாக்களை உள்ளூர்ப் பெட்டைகளோடு சேர்த்து உருவாக்கிய கறவை ஆடுகள் நன்றாகவே பிழைத்தன. தரையிலிருந்து உயர்த்திப் பலகை இடைவெளி விட்டு அடித்த பரண் கொட்டில், புழுக்கை கீழே விழுந்து தோட்டத்துக்கு உரமாகும், வெட்டிப் போடும் நேப்பியர் புல், காலையும் மாலையும் கறந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போக அக்கம்பக்கத்துக்கும் விற்கலாம். ஆனால் ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் மந்தையே போய்விடும், தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் ஒருவர் வந்துபோக வேண்டும்.

அந்த 'ஒருவர்' இருந்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. ருவாண்டாவிலும் ஜாம்பியாவிலும் ஹெய்ஃபர் கால்நடை பெற்ற குடும்பங்களை ஆராய்ந்தபோது, சாப்பாட்டில் பால் கூடியிருந்தது, உணவு வகைகளும் கூடியிருந்தன. ருவாண்டா அரசே 2006இலிருந்து 'கிரிங்கா' என்ற பெயரில் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு கொடுக்கிறது, கன்றை அடுத்த வீட்டுக்குக் கைமாற்றும் விதியோடு. உகாண்டாவில் பியாட்ரிஸ் பீரா என்ற சிறுமியின் வீட்டுக்கு வந்த ஒரு ஆட்டின் பால் காசில் அவள் பள்ளிக்கூடம் போய், கடைசியில் அமெரிக்காவில் 2008இல் கல்லூரிப் பட்டம் வாங்கிய கதை பலருக்கும் தெரிந்ததுதான். உண்மைக் கதை, நல்ல கதை, ஆனால் ஒரே ஒரு கதை.

அந்த 'ஒருவர்' இல்லாவிட்டால்? இதற்குத் தெளிவான பதில் கானாவிலிருந்து வந்தது. மிக ஏழைக் குடும்பங்களுக்குக் கால்நடை, சில மாதச் சாப்பாட்டுச் செலவு, பயிற்சி, வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஆள், சேமிப்புக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் திட்டம் ஒன்று. பங்களாதேஷின் பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிய முறை அது. எத்தியோப்பியா, கானா, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் அதைச் சோதித்து, பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட முடிவு: திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தன. கானாவில் மட்டும் கூடுதலாக ஒரு வேலை செய்தார்கள். சில குடும்பங்களுக்கு முழுத் திட்டம், சிலருக்கு ஆடு மட்டும். ஆடு மட்டும் வாங்கியவர்களுக்கு நிலைத்த பலன் ஒன்றும் தெரியவில்லை. போதாததற்கு ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகள் நோய் வந்து செத்துப்போய், ஆறு நாடுகளில் அங்கே மட்டும் திட்டம் சறுக்கியது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் நாலு ஆடு வாங்கிய குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மேய்க்க ஆளும் மேய இடமும் இருந்தவர்கள் பெருக்கினார்கள், இல்லாதவர்கள் விற்றார்கள். விற்றதும் தப்பில்லை, அந்த வீட்டுக்கு அப்போது பணம்தான் வேண்டியிருந்தது.

வறண்ட நிலத்தில் கதை இன்னும் கடுமை. 2020 கடைசியிலிருந்து வரிசையாக ஐந்து மழைக்காலம் பொய்த்ததில் கென்யாவின் வடக்கில் மட்டும் 20 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் செத்தன. அந்த வடக்கில் இருக்கும் துர்க்கானா மாதிரி இடத்தில் ஆடு வளர்க்கச் சொல்லித்தர யாரும் தேவையில்லை, அவர்களுக்குத் தெரியாத ஆடா? இல்லாதது புல்லும் தண்ணீரும். அங்கே இன்னொரு ஆட்டை இறக்குவது இருக்கிற மேய்ச்சலைப் பங்கு போடுவதுதான்.

சரி, பணம். இதைச் சொன்னதும் எழும் முதல் கேள்வி, குடித்துவிட மாட்டார்களா என்பது. (ஆட்டை விற்றுக் குடிக்க முடியாதா என்று யாரும் கேட்பதில்லை, கவனித்தீர்களா?) பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பணம் வந்ததால் குடியும் புகையிலையும் கூடியதாகத் தெரியவில்லை. கென்யாவில் 2007இல் கைப்பேசி வழியே பணம் அனுப்பும் எம்-பெசா வந்த பிறகு இந்த வழி சுலபமாகிவிட்டது. கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு குடும்பங்களைப் பதிவு செய்துகொண்டு கைப்பேசிக்கே பணம் அனுப்புகிறது. குறுஞ்செய்தி வரும், பக்கத்து ஊர்ச் சந்தியில் பச்சைப் பலகை மாட்டிய முகவர் கடையில் போய் அடையாள அட்டை காட்டினால் நோட்டாகக் கிடைக்கும். மேற்குக் கென்யாவில் முதல் ஆய்வில் பணம் வாங்கியவர்கள் நிறையப் பேர் செய்தது என்ன தெரியுமா? புல் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டார்கள். புல் கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும், அதற்குச் செலவு, மழையில் ஒழுகும். தகரம் ஒரே தடவைச் செலவு, கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடிக்கவும் செய்யலாம். எந்தக் கேட்லாக்கிலும் 'தகரக் கூரை' என்ற பரிசை நான் பார்த்ததில்லை. கட்டிப்பிடித்துப் படம் எடுக்கத் தகரம் தோதுப்படாது போலிருக்கிறது.

அடுத்த ஆய்வு பெரியது. சியாயா மாவட்டத்தில் 653 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஏறக்குறைய பாதிக் கிராமங்களில் 10,500க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு ஆளுக்கு 1,000 டாலர் கொடுத்தார்கள். வந்த பணம் ஊரிலேயே தச்சருக்கும் கடைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் கைமாறி, கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூர்ப் பொருளாதாரம் சுமார் இரண்டரை டாலர் வளர்ந்ததாகக் கணக்கு. பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் வருமானம் கூடியது, விலைவாசி பெயருக்குத்தான் ஏறியது. 2025இல் அதே குடும்பங்களின் பிறப்பு இறப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, பணம் வந்த காலத்தில் கைக்குழந்தைச் சாவு கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தது. கர்ப்பிணிகள் கடைசி மாதங்களில் வயல் வேலையைக் குறைத்து ஓய்வெடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகக் கையில் காசு இருந்தது. பெரிதாக வேறொன்றும் இல்லை. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்த இடங்களில்தான் பலன் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். பணம் ஆஸ்பத்திரி கட்டிவிடாது.

பணத்தின் குறைகளையும் மறைக்க வேண்டாம். காங்கோவின் தெற்குக் கிவுவில் கிவ்டைரக்ட்லியின் சொந்த ஊழியர்களே சிலர் சிம் கார்டுகளை மாற்றிப் பதிவு செய்து, சுமார் 9 லட்சம் டாலரைச் சுருட்டினார்கள், 1,700 குடும்பங்களுக்கு வர வேண்டிய பணம். 2022இல் நடந்ததைப் பிறகு கண்டுபிடித்து, 2023இல் அமைப்பே வெளியில் சொன்னது. கென்யாவின் ஹோமா பே பகுதியில் ஆரம்பத்தில் ஏகப்பட்ட குடும்பங்கள் பணமே வேண்டாம் என்று கதவைச் சாத்தின, சும்மா யாராவது பணம் கொடுப்பார்களா, ஏதோ சாத்தான் விவகாரம் என்று ஊரெல்லாம் பேச்சு. (நம்மூரில் யாராவது வந்து ஒரு லட்சம் சும்மா தருகிறேன் என்றால் நாமும் இப்படித்தான் யோசிப்போம்.) இன்னொன்று, தொகை சிறிதாக இருந்தால் பலனும் சிறிதுதான். ருவாண்டாவில் ஒரு சத்துணவு, சுகாதாரத் திட்டத்தையும் அதே செலவிலான பணத்தையும் ஒப்பிட்டபோது, 140 டாலர் அளவுக்கு வாங்கியவர்கள் முக்கியமாகக் கடனை அடைத்தார்கள், பிள்ளைகளின் வளர்ச்சியில் மாற்றமில்லை. 500 டாலருக்கு மேல் வாங்கிய குடும்பங்களில்தான் சாப்பாடும் பிள்ளைகளின் உயரமும் கூடின. ஆகவே நீங்கள் கொடுக்கும் 50 டாலர் தனியாக ஒரு குடும்பத்தை மாற்றாது, பலருடையது சேர்ந்து ஒரு பெரிய தொகையாகப் போகும்போதுதான் மாற்றும்.

கொசுவலை இந்த இரண்டிலிருந்தும் வேறு ரகம். இது பிழைப்புக்கான பரிசு இல்லை, உயிருக்கான பரிசு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2023இல் மலேரியாவில் இறந்தவர்கள் 5,97,000 பேர், அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில், அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். மருந்து தோய்த்த ஒரு வலை சுமார் 2 டாலர், ஊருக்குக் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுக்கும் செலவையும் சேர்த்தால் 5, 6 டாலர். இரண்டு பேர் படுக்கலாம், இரண்டு மூன்று வருடம் உழைக்கும். 'இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள், கொஞ்சமாவது விலை வையுங்கள்' என்ற வாதம் இங்கேயும் வந்தது. கென்யாவின் கர்ப்பிணிகள் மருத்துவமனைகளில் சோதித்தார்கள்: 60 சென்ட் விலை வைத்ததும் வாங்குபவர்கள் எண்ணிக்கை பாதாளத்துக்குப் போனது, இலவசமாக வாங்கியவர்களோ காசு கொடுத்தவர்களுக்குக் குறையாமல் வலையைக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். ஏரிக்கரை ஊர்களில் சிலர் அதை மீன் பிடிக்கப் பயன்படுத்துவதும் உண்மை, ஆனால் மொத்தத்தில் அது சிறு பங்கு.

வலை விநியோகத்தில் நம்பகமான பெயர் அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன். உங்கள் பணம் எந்த நாட்டில் எந்த விநியோகத்துக்குப் போனது என்று சொல்லிவிடுகிறார்கள், கொடுத்த பிறகு வீடுகளுக்குப் போய் வலை தொங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள். தொண்டு நிறுவனங்களை எடைபோடும் கிவ்வெல்லின் மதிப்பீட்டில், இந்த வழியில் ஒரு உயிரைக் காக்க நாட்டைப் பொறுத்து 3,000 முதல் 8,000 டாலர் ஆகும். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுருங்கும், 2 டாலரில் ஒரு உயிர் என்றல்லவா விளம்பரம் சொன்னது என்று. எல்லா வலைக்குள்ளும் சாகப்போகும் குழந்தை படுத்திருப்பதில்லை, நூற்றுக்கணக்கான வலைகளில் ஒன்று ஒரு சாவைத் தடுக்கிறது. மற்ற வலைகள் காய்ச்சலைத் தடுக்கின்றன, அதுவும் சும்மா இல்லை.

கிணறு, அடிகுழாய் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கானா ஆட்டின் பாடமேதான் இங்கும். சகாராவுக்குத் தெற்கே எந்த நேரத்தில் எண்ணினாலும் நாலில் ஒரு அடிகுழாய் வேலை செய்யாமல் நிற்கிறது, வாஷர் தேய்ந்து, மாற்ற ஆளில்லாமல். இந்த மாதிரித் தோல்விகளின் உச்சம் 'பிளேபம்ப்'. பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேலே ஏறும் என்ற தென்னாப்பிரிக்கக் கருவி. 2006இல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் 164 லட்சம் டாலர் உதவியை மேடையில் அறிவித்தார், ஒன்றின் விலை 14,000 டாலர். சொன்ன அளவு தண்ணீர் வர வேண்டுமானால் பிள்ளைகள் நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று ஒரு பத்திரிகை கணக்குப் போட்டது. கடைசியில் நடுத்தர வயதுப் பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டே ராட்டினம் தள்ளினார்கள். பழைய அடிகுழாயைப் பல இடத்தில் பிடுங்கியும் போட்டிருந்தார்கள்.

பொம்மை, சோப்பு, பென்சில் நிரப்பிய ஷூ பெட்டி அனுப்பும் வழக்கமும் பெரிது, 1993இலிருந்து ஒரு கிறிஸ்தவ அமைப்பு மட்டும் 20 கோடிக்கும் மேல் அனுப்பியிருக்கிறது. உங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பெட்டி கட்டுவது இனிமையான வேலை, வாங்கும் குழந்தைக்கும் அன்று சந்தோஷம், மறுக்கவில்லை. அது பெட்டியோடு மதப் பிரசாரமும் சேர்ந்த ஏற்பாடு என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஆனால் வாழ்க்கை மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒரு பெட்டியை அனுப்ப ஆகும் செலவிலேயே ஒன்றிரண்டு கொசுவலை போய்விடும். பழைய துணி வேண்டவே வேண்டாம். நைரோபியின் கிகோம்பா சந்தையிலும் அக்ராவின் கண்டமாண்டோ சந்தையிலும் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது, தையல் தொழிலையும் அது ஏற்கெனவே பதம்பார்த்துவிட்டது.

இனி முடிவெடுக்க. கையில் 20, 30 டாலர், கொடுக்கும் ஆளுக்கு இதிலெல்லாம் அதிக ஆர்வமில்லை என்றால் யோசிக்காமல் கொசுவலை. ஐந்து வலை என்பது ஐந்து வலைதான், பாதி ஆடு, கால் மாடு என்று பங்குக் கணக்கு இல்லை. நூறு டாலருக்கு மேல் கொடுக்க முடியும், அந்தக் குடும்பத்தின் நிலைமை மாற வேண்டும் என்று விரும்பினால் நேரடிப் பணம். ஆடுதான் கொடுப்பேன், ஊரில் அப்பத்தா ஆடு வளர்த்துத்தான் எங்களை ஆளாக்கினாள் என்பவர்களை நான் தடுக்கப்போவதில்லை. கேட்லாக்கை மூடிவிட்டு அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து மூன்று விஷயம் பாருங்கள்: கால்நடை அந்த நாட்டுச் சந்தையிலேயே வாங்கப்படுகிறதா, தடுப்பூசிக்கும் பயிற்சிக்கும் ஆள் எத்தனை வருடம் வருகிறார், குடும்பத்துக்கு ஆடா கோழியா வேறெதுவுமா என்று தேர்ந்தெடுக்க விடுகிறார்களா. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்த ஆடு அட்டையில் மட்டும் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால் மட்டும் நான் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எம்-பெசா அட்டை கொடுத்தால் அது பரிசே இல்லை, கோழிக்குஞ்சு என்றால் கண் விரியும், மேலே சொன்ன விசாரணையைச் செய்துவிட்டு அதையே கொடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் வரி விஷயம். இங்கிலாந்தில் வரி கட்டுபவர் என்றால் கிஃப்ட் எய்ட் பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கும். அமெரிக்கா, கனடாவில் அந்த நாட்டில் பதிவான கிளைக்குக் கொடுத்தால்தான் ரசீது வரிச்சலுகைக்கு உதவும். இந்தியாவிலிருந்து நேராக வெளிநாட்டு அமைப்புக்கு அனுப்பினால் நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைக்காது, வங்கியில் வெளிநாட்டுப் பணம் அனுப்பும் படிவமும் நிரப்ப வேண்டிவரும், அதனால் டிசம்பர் 24 ராத்திரி வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.